முகட்டில் முதல் மரியாதை

என் மருமகன் வாசிகசாலையின் முகட்டில் நிற்கிறார் என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் விதானையார் வீட்டு இராசநாயகம். செய்தி நல்லதாக இருந்தால் அவர் ஆள் அனுப்புவார். கெட்டதாக இருந்தால் தானே வருவார். சயிக்கிளை வாசல் படலையில் சாய்த்துவிட்டு, சால்வையைச் சரிசெய்து, என் சுகம், என் மனைவி செல்வநாயகியின் முழங்கால், பசு கன்று போட்டதா என்பதெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"உங்கடை மருமோன் வாசிகசாலைக் கூரையிலை நிக்கிறார், பரமலிங்கத்தார். பந்து கிந்து எடுக்க ஏறினாரோ தெரியேல்லை. ஏணி ஒண்டு அனுப்பட்டோ?"

ஏணி எங்கள் வீட்டிலும் உண்டு என்றேன். தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடித்துவிட்டுத்தான் போனார். அவர் படலையைக் கடக்கும்வரை என் முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது.

கோப்பாயில் எங்கள் குடும்பம் எதற்குப் பேர்போனது என்று நானே சொல்வது அழகல்ல. ஆனால் வேறு யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள். என் பாட்டனார் கோவிலுக்கு எதிரே மடம் கட்டுவித்தவர். என் தகப்பனார் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு; நானும் நொத்தாரிசு. ஊரின் பாதிக் காணி உறுதிகளில் எங்கள் கையெழுத்து இருக்கிறது. கோவிலில் முதல் விபூதியும் முதல் மாலையும் எங்களுக்கு. தேர் வடத்தில் முதலில் படும் கையும் எங்களுடையது. இரண்டாவது எல்லாம், ஊர்த் தலைமை பார்த்த விதானையார் வீட்டுக்கு. இந்த ஒழுங்கு பிழைக்காமல் இருப்பதைத்தான் நாங்கள் மானம் என்கிறோம்.

எங்கள் வளவுக்குப் பின்னால் பெரிய பனங்கூடல். தலைமுறை தலைமுறையாக அதன் நுங்கும் பனாட்டும் ஒடியலும் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் எவரும் ஒரு பனையைக் கட்டிப்பிடித்ததில்லை. ஏறுவது எங்கள் ஊரில் ஒரு தொழில். அதைச் செய்கிறவர்களைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதும், அப்படிப் பார்த்துக்கொண்டே அவர்களைக் கீழாக நினைப்பதும் எங்கள் தொழில். கழுத்துக்குச் சிரமம்தான், ஆனால் பழகிவிட்டது.

அருந்ததி எங்கள் ஒரே மகள். அவளுக்கு மாப்பிள்ளை பேசியபோது, பையன் கட்டடக் கலைஞர் என்றார்கள். நான் தரகரிடம் கேட்டது ஒன்றுதான்: சீமெந்து கையில் படுமா? படாது, எல்லாம் கடதாசியில்தான் என்றார் அவர். அதன்பிறகே சாதகம் பார்த்தோம். பையன் கனகரட்ணம் அளவெட்டிக்காரர். கொழும்பில் பெரிய கந்தோர் ஒன்றில் வேலை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அந்தக் கந்தோரும் எரிந்தது, குடியிருந்த வாடகை வீடும் எரிந்தது. உடுத்த உடுப்போடு இருவரும் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். எங்கள் வீடு அருந்ததிக்குச் சீதனமாக எழுதிய வீடு என்பதால் எங்களோடே இருந்தார்கள். உறுதிப்படி பார்த்தால் நாங்கள்தான் அவர்களோடு இருந்தோம்.

யாழ்ப்பாணத்தில் அப்போது கட்டடக் கலைஞருக்கு வேலை கிடையாது. எல்லோரும் கீழ்நோக்கித்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு, குண்டுக்கு ஒளிக்கும் பங்கர். எங்கள் பங்கரை மருமகன் வடிவமைத்தார். காற்றோட்டம் மிக நன்றாக இருந்தது. உள்ளே இருந்தபடி வானம் முழுவதையும் பார்க்கலாம். செல்வநாயகி மறுநாளே ஆள் பிடித்துப் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு அந்த அழகை மூடுவித்தாள். அதற்குப் பிறகு அவர் எதையும் வரையவில்லை. ஊர் நிலத்துக்குள் இறங்க இறங்க, அவர் ஏறத் தொடங்கினார்.

முதலில் யாழ்ப்பாணப் பட்டினத்தில்தான் ஏறினார். காலையில் சயிக்கிளில் போவார். ஒரு படமாளிகை, ஒரு நகைக்கடை, ஒரு புடவைக்கடை. மழைநீர்க் குழாயைப் பிடித்து, யன்னல் விளிம்பில் கால் வைத்து, மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரைத் தாண்டி மேலே போய் உட்கார்ந்துவிடுவாராம். பட்டினத்தில் எவரும் ஏனென்று கேட்கவில்லை. இந்தியத் தொலைக்காட்சி பார்ப்பதற்காக அந்த நாட்களில் கூரைக்குக் கூரை அன்ரனா முளைத்திருந்தது. அது பூட்ட வந்தவர் என்று நினைத்துக்கொண்டார்கள். புடவைக்கடைக்காரர் கீழே வந்து நின்று, கொஞ்சம் வடக்கே திருப்பிவிடும்படி கேட்டாராம். மருமகனும் திருப்பிவிட்டு வந்தார்.

இராச் சாப்பாட்டில் எங்களுக்கு விவரம் சொல்வார். நகைக்கடை முகப்பில் நிற்கும் நான்கு பெரிய தூண்களும் எதையும் தாங்கவில்லை. உத்தரத்துக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டன. அந்த இடைவெளியில் புறாக்கள் குடியிருக்கின்றன. படமாளிகை வீதிக்கு மூன்று மாடி, பின்னுக்கு ஒரு தகரக் கொட்டகை. இதையெல்லாம் குறையாகச் சொல்லமாட்டார். பிறந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தவர் போலச் சொல்வார்.

"மாமா, வாசலாலை போனால் வீட்டுக்காரன் காட்டுறதைத்தான் பாக்கலாம். கையாலை பிடிச்சு ஏறினால்தான் அது எப்பிடி நிக்குதெண்டு உடம்புக்கு விளங்கும்."

"உம்மடை உடம்புக்கு விளங்கினது காணும், தம்பி. ஊருக்கு விளங்காமல் பாத்துக்கொள்ளும்."

அவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதன் பலன்தான் வாசிகசாலை. பட்டினத்துக்கு ஆளைத் தெரியாது, ஊருக்குத் தெரியும். நொத்தாரிசு வீட்டு மருமகன் அன்ரனா பூட்டுகிறார் என்று யாரும் நம்பமாட்டார்கள். நம்பினாலும் அது இன்னும் அவமானம்.

வாசிகசாலைக்குப் பிறகு கூட்டுறவுச் சங்கக்கடை, அதற்குப் பிறகு பாடசாலை மண்டபம். முறைப்பாடுகள் வந்தன. கிடுகு வேலி எங்கள் நாகரிகம். அடுத்த வீட்டுக் கிணற்றடியும் குசினியும் நமக்குத் தெரியாது என்று நடந்துகொள்வதுதான் அயலுக்குச் செய்யும் மரியாதை. தெரியவேண்டியது வேலியின் ஓட்டைகளால் தெரியவரும். இவரோ எல்லா வேலிக்கும் மேலே நின்றார். பெண்கள் குளிப்பதைப் பார்க்கிறார் என்று ஒரு வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அருந்ததி அவரை உட்காரவைத்து விசாரித்தாள். அவர் கண்டதெல்லாம் அவர்கள் வீட்டு ஓட்டுக்கூரை ஒரு பக்கம் அமர்ந்துபோயிருப்பதுதான். அதை அப்படியே சொல்லியனுப்பினோம். அவர்களுக்குக் கோபம் இரட்டிப்பானது.

இதற்கிடையில் இயக்கத்துப் பெடியளுக்குத் தகவல் போய்விட்டது. அது எண்பத்தாறாம் ஆண்டு. இராணுவம் முகாமுக்குள், வீதி பெடியளின் கையில். உயரத்தில் நிற்கிறவன் எதையோ பார்க்கிறான், பார்க்கிறவன் யாருக்கோ சொல்கிறான் என்பது அப்போதைய கணக்கு. விசாரணைக்கென்று கூட்டிப்போன சிலரை ஊர் பிறகு மின்கம்பத்தில் பிணமாகத்தான் கண்டது. இரண்டு பேர் வந்தார்கள். கதிரை கொடுத்தேன், உட்காரவில்லை. மூத்தவனுக்கு மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை. ஐயா, உங்கடை மருமகன் ஏன் ஏறுகிறார் என்று மரியாதையாகத்தான் கேட்டான். அருந்ததி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கட்டடத்தை அனுபவிப்பதற்கு என்று சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள். நானே நம்பவில்லை.

"நேர்த்தி," என்றேன்.

"என்ன நேர்த்தி, ஐயா?"

"ஊரிலை குண்டு விழக்கூடாதெண்டு. ஒவ்வொரு கட்டடமாய் ஏறி முகட்டிலை நிண்டு கும்பிடவேணும். உதுக்குமேலை கேக்காதேங்கோ தம்பியவை. நேர்த்தியை விரிச்சுச் சொன்னால் பலிக்காது."

மூத்தவன், தன் தாயும் தனக்காக ஏதோ நேர்த்தி வைத்திருக்கிறாள் என்றும், என்னவென்று தனக்கும் சொல்கிறாள் இல்லை என்றும் சொன்னான். பிறகு இருவரும் போய்விட்டார்கள். அதைப் பொய் என்று நான் இன்றும் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒரு காரியத்துக்குக் காரணம் இல்லாதிருந்தது. நான் ஒன்று கொடுத்தேன்.

நேர்த்தி என்ற சொல் அன்றே கிணற்றடிகளுக்குப் போய்விட்டது. சில நாட்களில் பொம்பர் ஒன்று வந்து போட்ட குண்டு, வாசிகசாலைக்கு அப்பால் வெறும் தரவையில் விழுந்தது. ஒரு மாட்டுக்கும் காயமில்லை. அது வாசிகசாலையைக் குறிவைத்ததா என்று யாரும் கேட்கவில்லை. மருமகன் ஏறிய கட்டடத்தில் குண்டு விழாது என்று முடிவாகிவிட்டது.

அதன்பின் தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வந்தார்கள். கூரை அமர்ந்த வீட்டார்தான் முதலில் வந்தவர்கள். மருமகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர் முழுவதும் திடீரென்று கட்டடக் கலையில் ஈடுபாடு கொண்டுவிட்டது என்று நினைத்தார். அவர் மேலே ஏறி, ஓடுகளைத் தட்டிப் பார்த்து, மரங்களைத் தடவிப் பார்ப்பார். கீழே நிற்கிறவர்கள் தலைக்குமேல் கைகூப்புவார்கள். எனக்கு முற்றத்தில் கதிரையும் இளநீரும். ஏறுவதில் ஒரு கேவலமும் இல்லை, யாருக்காக ஏறுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் சில இடங்களில் விளக்கினேன். எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

இராசநாயகம் தலையாட்டவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

கோவில் கூட்டத்தில் அந்த யோசனை வெளிவந்தது. ஒரு வீட்டுக் கூரையைக் காப்பது சரி, ஊரைக் காக்கவேண்டாமா என்று ஆரம்பித்தார். ஊருக்குத் தலைபோன்ற கட்டடம் கோவிலடி மடம். ஆடிக் கடைசி வெள்ளியில் மேளதாளத்தோடு அதன் முகட்டில் ஏறிக் கும்பிடவேண்டும். எல்லோரும் ஆமோதித்தார்கள். என் மருமகன் ஏறுவார் என்றேன். அங்கேதான் அவர் எனக்காக வைத்திருந்த குழி இருந்தது. மருமகன் அளவெட்டிப் பிள்ளை, நல்ல பிள்ளை, ஆனால் அளவெட்டி. ஊருக்கான முதல் உரித்தை வேற்றூர் ஆள் எடுக்க முடியாது. மடத்தை என் பாட்டனார் கட்டியிருக்கலாம், நிலம் விதானையார் வீட்டாருடையது. ஆகவே தானே ஏறப்போவதாகச் சொல்லிவிட்டுச் சால்வையை மடித்துத் தோளில் போட்டார். அவருக்கு அப்போது எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கும்தான்.

மடத்தில் முதல் மரியாதை அவருக்குப் போனால் அடுத்தது விபூதி, அதற்கடுத்தது தேர் வடம். நான் எழுந்து நின்று, மடத்தில் ஏறுவதென்றால் முதலில் ஏறுவது கட்டியவனின் பேரன் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கு விளங்கியது.

கடைசியில் கூட்டம் ஒரு சமாதானம் கண்டது. மடத்தின் முகப்பில் வலது கோடியிலும் இடது கோடியிலும் ஒவ்வொரு தூண் உண்டு. இருவரும் ஒரே நேரத்தில் ஏறுவது. முதலில் முகட்டைத் தொடுகிறவருக்கு மரியாதை. வலது எனக்கு என்றேன். மடத்தின் வலதா, பார்க்கிறவரின் வலதா என்று இராசநாயகம் கேட்டார். இதில் கூட்டம் வெகுநேரம் நின்றது. மூலவருக்கு எப்படியோ மடத்துக்கும் அப்படியே என்று ஐயர் சொல்லி, எனக்கு மடத்தின் வலது கிடைத்தது. அந்தத் தூணில் பூச்சு கழன்று கல் தெரிந்துகொண்டிருந்ததால் பிடிக்க வசதி என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது, அவருக்கும்.

செல்வநாயகி என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. பிறகு ஒரே ஒரு தரம் கதைத்தாள்.

"விழுந்தால் உங்கடை மானம் போகாது. இடுப்புத்தான் போகும். அதுக்கு எண்ணெய் போடுறது நான்."

மருமகன் வீட்டின் பின்சுவரில் எனக்குப் பழக்கினார். கல்லோடு மல்லுக்கட்டக் கூடாதாம். எங்கே பிடிக்கலாம் என்று கல்லே சொல்லுமாம். என் வீட்டுச் சுவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. முழங்கையை மட்டும் உரித்தது.

அந்த வெள்ளிக்கிழமை அளவெட்டியிலிருந்து மேளம் வந்திருந்தது. மடத்தின் பின்குசினியில் பெண்கள் அன்னதானத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியைக் கச்சையாகக் கட்டி, திருநீறு பூசி, கோவிலைக் கும்பிட்டுவிட்டுத் தூணைப் பிடித்தேன். என் வாழ்நாளில் நான் கட்டிப்பிடித்த முதல் தூண். அறுபது வருடமாக அந்த மடத்தைக் கடக்கும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறேன். அது சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பூச்சுக்குள் கட்டியவனின் விரல்கள் இழுத்த கோடுகள் என் விரல்களுக்குத் தட்டுப்பட்டன. அவன் எந்தச் சாதி என்று என் கை கேட்கவில்லை. கைக்கு வேறு வேலை இருந்தது. தவில்காரர் என் மூச்சுக்கு ஏற்றாற்போல் வாசித்தார்; நான் நிற்க அவரும் நின்றார்.

முகப்பின் உச்சியில் பாட்டனாரின் பெயரும் ஆண்டும் சுதையில் எழுதி, இரு பக்கமும் இரண்டு சிங்கங்கள். வீதியில் நின்று பார்த்தால் அவை பாயப்போகும். நான் வலது சிங்கத்தின் காதைப் பிடித்து மேலே வந்து மறுபக்கம் விழுந்தேன். சிங்கத்துக்கு முதுகு இல்லை. உள்ளே வெறும் கோறை. காகம் கூடு கட்டியிருந்தது. பாட்டனாரின் பெயருக்குப் பின்னால் பூச்சுக் கிடையாது, கண்டபடி அடுக்கிய கல்தான். அந்தச் சுவர் கூரையைவிட மூன்று முழம் உயரம் கூடுதலாக, கூரையோடு எந்த உறவும் இல்லாமல் நின்றது.

ஊரைத் திரும்பிப் பார்த்தேன். வீதியிலிருந்து பார்த்தால் எங்கள் பக்கத்தில் ஏழெட்டு வீடுகளுக்கு மாடி உண்டு. மேலேயிருந்து பார்த்தால் இரண்டுக்குத்தான் இருந்தது. எங்கள் வீட்டை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மற்றச் சிங்கத்துக்குப் பின்னால் இராசநாயகம் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் வந்து உம்மைப் பாத்துக்கொண்டெல்லே இருக்கிறன்," என்றார்.

"என்னைப் பாத்தனீரெண்டால் நான் முன்னமே இங்கை இருந்தனான் எண்டுதானே."

அவர் மறுப்பதற்கு வாயைத் திறக்க, இராணுவ ஹெலியின் சத்தம் கேட்டது. கீழே எட்டிப் பார்த்தோம். எங்களில் யார் முந்தியவர் என்பதற்குச் சாட்சியாக வந்த சனத்தில் ஒருவர்கூட வீதியில் இல்லை. நாதஸ்வரக்காரர் நாதஸ்வரத்தோடு ஓடியிருந்தார். தவில் மட்டும் மண்ணில் கிடந்தது. நாங்கள் இருவரும் கூரையோரத்து மழைநீர்ப் பீலிக்குள் குப்புறப் படுத்தோம். அது ஒடுங்கிய பீலி. என் முகத்துக்கு நேரே இராசநாயகத்தின் உள்ளங்கால். ஹெலி தாழப் பறந்து ஒரு வட்டம் போட்டது, எங்கோ நீர்வேலிப் பக்கம் சுட்டது, மறுபடியும் வந்தது. அவர் தேவாரம் ஒன்றை முணுமுணுத்தார். இரண்டாம் அடி அவருக்கு வரவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

சத்தம் அடங்கியதும் சனம் பங்கர்களிலிருந்து வெளியே வந்து, அண்ணாந்து பார்த்து, எங்களை இறங்கச் சொன்னது. இறங்கலாம், யார் முதலில் இறங்குவது? மரியாதைக்குரியவர் கடைசியில்தான் இடத்தைவிட்டு எழும்புவார். இராசநாயகம் எனக்கு வழிவிட்டார். நான் அவருக்கு வழிவிட்டேன். உச்சி வெயிலில் ஓடு கொதித்தது. யாரும் அசையவில்லை.

கடைசியில் மருமகன் மேலே வந்தார். எங்களைப் பார்க்க முன்னம் சுவரைப் பார்த்தார். பாட்டனாரின் பெயருக்குக் கீழே ஒரு வெடிப்பு ஓடியிருந்ததைத் தொட்டு, அதற்குள் விரலை விட்டு எடுத்தார். இந்தச் சுவர் இவ்வளவு காலமும் தன் பாரத்தில் மட்டும் நின்றதாம். இன்று முதன்முதலாக இரண்டு பேர் தொங்கியிருக்கிறார்கள். இனி முன்பக்கத்தால் ஒருவரும் இறங்க முடியாதாம். வீதியில் நின்ற சனத்தை அப்பால் போகச் சொன்னார். இருப்பது ஒரே வழி. ஓட்டின் பின்சரிவால் வழுக்கி, குசினித் தாழ்வாரத்தில் காலூன்றி, பின்வாசலடியில் இறங்குவது.

அந்தப் பின்வாசல் யார் யார் வந்து கையேந்தி நின்று சோறு வாங்கிப்போகிற வாசல் என்பதை எங்கள் ஊரார் அறிவார்கள். என் பாட்டனார் காலத்திலிருந்து அவர்களுக்கு முன்வாசல் கிடையாது. எங்கள் வீட்டு ஆண்கள் எவரும் அந்த வாசலைக் கண்டதும் கிடையாது.

யார் முதலில் என்று இம்முறை நாங்கள் கேட்கவில்லை. இருவருமாக வழுக்கினோம். குசினிப் புகைக்கூட்டின் கரி முழுவதும் எங்கள் மேலே. சாம்பல் குவியலில் ஒருவர்மேல் ஒருவராக வந்து இறங்கினோம். காய் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். முன்வீதியில் மேளம் மறுபடி தொடங்கிவிட்டது. நாங்கள் அந்தப் பக்கம் வருவோம் என்று காத்திருந்தார்கள்.

செல்வநாயகி சிரிக்கவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். இத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, மடத்து மண்ணில், முதல் செம்பு. இராசநாயகம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவள் செம்பை அவர் பக்கம் நீட்டினாள்.

"முதல் நீங்கள் குடியுங்கோ, அண்ணை."

கரி படிந்த அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறைக்கப் போவதில்லை. ஏறியதற்கும் படுத்ததற்கும் வழுக்கியதற்கும் அவருக்குப் பலன் கிடைத்துவிட்டது. செம்பை இரு கையாலும் வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தி, அண்ணாந்து குடிக்கத் தொடங்கினார்.

பாதி இறங்கட்டும் என்று நான் காத்திருந்தேன்.

"ஆறுதலாய்க் குடியும், இராசநாயகத்தார். எங்கடை மடத்துக்கு வந்த ஆளுக்குக் குடுக்காமல் நாங்கள் ஒருநாளும் முதல் குடிக்கிறேல்லை."

அண்ணாந்த தொண்டையில் தண்ணீர் நின்றுவிட்டது. துப்பினால் மரியாதை இல்லை. விழுங்கினால் அவர் விருந்தாளி, மடம் எங்களுடையது. பெண்கள் எல்லோரும் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நல்ல வெயில். மனிதர் விழுங்கினார்.